மழைக்கு முன் ஒரு தடம், மழைக்குப் பின் வேறொன்று

பினாங்கிலுள்ள எங்கள் ஊரின் பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள். ஜார்ஜ் டவுனில் இருப்பவர்களுக்கு இது பின்புறமாகவே இருக்கட்டும்; இங்கே குடியிருக்கிற எங்களுக்கோ அவர்களுடைய பட்டணந்தான் மலைக்குப் பின்னால் இருக்கிறது. நடுவே எழுந்து நிற்கிற மலைத்தொடரின் மேல், 1923 முதல் ஓடுகிற ரயிலில் ஏறிக் கொடிமலையின் குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்கள் அநேகர். அதே மலையின் மேற்குச் சரிவில், ஜாதிக்காயும் கிராம்பும் டுரியானும் அடர்ந்த தோட்டங்களின் ஊடே, ஒரு சக்கரம் மட்டுமே செல்லக்கூடிய தடங்களில் மலைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியளவில், கடைத்தெருவில் சேறு படிந்த சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு லக்சாவுக்குக் காத்திருக்கிற இந்தச் சிலருடைய பேச்சை நான் பக்கத்து மேசையிலிருந்து பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும், எந்த ஊர்த் தடம் மிகக் கடினமானது என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கும். ஒருவர் கோலாலம்பூரின் கியாராவை உயர்த்துவார். இன்னொருவர் இமாசலப் பிரதேசத்துக்குப் போய்வந்த பெருமையில் இங்கேயுள்ளதெல்லாம் குழந்தைகள் விளையாட்டு என்பார்.

ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்ட எனக்கும் ஒரு பழைய மலைச் சைக்கிள் உண்டு, சாமர்த்தியம் அதிகமில்லை. ஆனாலும் சொல்லிவிடத் துணிகிறேன்: அந்தக் கேள்வியைக் கேட்கிற முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. தடத்தின் கடினம் கல்லிலும் வேரிலும் சரிவிலும் நிலையாகக் குடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதை நாம் ஒப்பிடுகிறோம். எங்கள் பிரதேசத்தில் அது தண்ணீரில் குடியிருக்கிறது. தண்ணீரோ காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் இருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் மாரின் வட்டாரத்து மலைப்பாதை ஒன்றில், 1976 அக்டோபர் 21ஆம் தேதி, பழைய கனத்த சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு சில இளைஞர்கள் பந்தயம் விட்டார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்சக்கரத்தின் நடுவிலிருந்த பிரேக், அடிவாரத்தை எட்டுவதற்குள் தன்னுள் இருந்த கிரீஸையெல்லாம் புகையாக்கிவிடுமாதலால், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் அதைக் கழற்றிப் புதுக் கிரீஸ் திணிக்க வேண்டியிருந்தது. மறுபடி திணித்தல் என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரில் வெப்பம் இருக்கிறது, உராய்வு இருக்கிறது, புழுதி இருக்கிறது, ஈரம் இல்லை. வருஷத்தில் பல மாதங்கள் வானம் வாய் திறவாத ஒரு நாட்டில் பிறந்த விளையாட்டின் முதல் அச்சம் பிரேக் எரிந்துபோவது பற்றியதாக இருந்ததில் வியப்பென்ன?

அதே தேசத்தில் யூட்டா மாகாணத்து மோவாப் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள மணற்பாறைத் தடங்களை உலகமெங்குமுள்ள ஓட்டிகள் ஸ்தல யாத்திரைபோல் நாடிச் செல்கிறார்கள். வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத அந்தப் பாலையில், வழுக்குப்பாறை என்று பெயர் சூட்டப்பட்ட பாறை உண்மையில் வழுக்குவதே இல்லை. குதிரைகளின் லாடம் அதன்மேல் நிற்காததால் அந்தப் பெயர் வந்ததென்பார்கள். ரப்பர் டயருக்கோ அது உப்புத்தாள்போல் பிடிகொடுக்கிறது. செங்குத்தாகத் தோன்றும் சரிவிலும் மூச்சு இருக்கும்வரை ஏறலாம். அங்கே பரீட்சை ஓட்டியின் நுரையீரலுக்கும் நெஞ்சுத் துணிவுக்கும்தான். தடத்தை விட்டு விலகி ஓரத்து மண்ணில் சக்கரத்தை வைப்பதை மட்டும் பெரும் பாவமாகக் கருதுகிறார்கள். நுண்ணுயிர்கள் சேர்ந்து அம்மண்ணின்மேல் பின்னியிருக்கும் மெல்லிய ஏடு ஒருமுறை நொறுங்கினால் மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகுமாம்.

மழை அதிகமான நாடுகள் வெளியேயும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. கனடாவில் வான்கூவரின் வடகரை மலைகளில் ஈரமும் வேரும் மிகுதி. சேற்றுக்கு மேலே மரச்சட்டங்களால் ஏணிபோன்ற பாலங்கள் அமைத்து, அவற்றின்மேல் கம்பிவலை அறைந்து, ஈரத்திலும் ஓட்டும் வித்தையை அவர்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குளிர் வனத்தில் உதிர்ந்த இலை மெல்லவே மக்குகிறது. வருஷக்கணக்கில் சேர்ந்த மக்கு, மெத்தைபோல் மண்ணை மூடிக்கிடக்கிறது. நம்முடைய வெப்பத்தில் இலை விழுந்த சில மாதங்களுக்குள் மாயமாகிவிடுகிறது. மேலே போர்வை மெலிந்துபோய், அடியிலுள்ள களிமண் நேராக மழையின் அடியை வாங்கிக்கொள்கிறது. அவர்களுடைய மரப்பாலத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் கறையானுக்கு விருந்து வைத்ததாகும். ஈரம் என்ற ஒரே சொல்லால் இரண்டு இடங்களையும் குறித்துவிட்டு ஒப்பிட்டுவிட்டோம் என்று திருப்தியடைவது எவ்வளவு பேதைமை என்பதற்கு இதுவே போதும்.

நம்மவர் நாடுகளுக்கு வருவோம். 2005இல் தொடங்கிய இமாசலத்துப் பலநாள் மலைச் சைக்கிள் பந்தயத்தில் உடைந்த கற்குவியலும் உருகிய பனியின் ஓடைகளும் குறுக்கிடுவது உண்மைதான். எனினும், மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் மூச்சுக் காற்று மெலிந்திருப்பதே அங்கே முதல் எதிரி. நீலகிரியிலோ, கல்ஹட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசாத சைக்கிள்காரர் இல்லை, அது தார்ச்சாலை. தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்தால் செம்மண் வண்டித்தடம் மிதமான சரிவில் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் செல்லும்; கொழுந்து மூட்டை சுமந்த தொழிலாளர்களும், பின்னர் டிராக்டர்களும் ஏற வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்ட பாதைகளாதலால், அவற்றில் ஒரு நிதானம் இருக்கிறது. இலங்கையின் மலையகத்திலும் அதே நிதானத்தைக் காணலாம். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி முதன்முறையாக இந்தியாவில் நடந்தபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள பொன்முடி. ஏறிப்போக 22 வளைவுகள், சுற்றிலும் தேயிலை. போட்டிக்கு என்றே தடம் அமைத்தார்கள். அமைக்கப்பட்ட தடத்தில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே நிர்ணயமாகிவிடுகிறது. ஓட்டிக்கு அது சௌகரியம், நடுவருக்கும் சௌகரியம்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் 2008இல் திறக்கப்பட்ட மலைச் சைக்கிள் பூங்காவும் அப்படி அமைக்கப்பட்டதே. அதைப் பார்க்கப் போனபோது, பழைய கல்குவாரியின் ஓரமாகச் செல்லும் அந்தத் தடங்களில் எனக்கு ஒரு விசித்திரமான பரிச்சயம் தோன்றியது. பிறகுதான் விளங்கிற்று: அது கருங்கல் தீவு; பினாங்கும் கருங்கல் தீவு. கருங்கல் நம்முடைய வெயிலிலும் மழையிலும் ஊறி ஊறி அழுகும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு வெண்களியாகவும் செங்களியாகவும் மாறிவிடுகிறது. மாறாத பங்கு படிகக் குறுமணலாக மேலே தங்கிவிடுகிறது. காய்ந்த நாளில் அந்தக் குறுமணல் கடுகு கொட்டிய தரைபோல் சக்கரத்தை உருட்டிவிடும். நனைந்த நாளில் மணல் அடித்துச் செல்லப்பட்டு, களி எழும்பி, சோப்புத் தேய்த்த பலகைபோல் ஆகிவிடும். ஆக, காயலாம் நனையலாம், இரண்டிலும் வழுக்கல்தான். ஆனால் இரண்டும் ஒரே வழுக்கல் அல்ல. முன்னதில் பிரேக்கை மெல்லத் தொட்டால் தப்பலாம். பின்னதில் தொடாமலிருந்தால்தான் தப்பலாம்.

கடினத்தை நிறத்தால் குறிக்கும் வழக்கம் பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து வந்தது. எளியதற்குப் பச்சை, நடுத்தரத்துக்கு நீலம், கடினத்துக்குக் கறுப்பு என்ற இந்த ஏற்பாட்டைத் தடங்களுக்கும் பரப்பிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் 1988இல் தோன்றியது. அந்தச் சங்கம் தடம் வெட்டுகிறவர்களுக்குச் சொல்லும் விதிகளில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. தடத்தின் சரிவு, அது செல்லும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியை மிஞ்சலாகாது. மொத்தத்தில் சராசரிச் சரிவு நூற்றுக்குப் பத்துக்குள் அடங்க வேண்டும். காரணம் எளிது. பாதிக்கு மேற்பட்டால், குறுக்கே கடந்து போக வேண்டிய மழைநீர் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும்.

இந்த அளவுகோலை எங்கள் மலையின்மேல் வைத்துப் பாருங்கள். தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலையின் உச்சிக்குச் செல்லும் ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏறுகிறது; சராசரியே நூற்றுக்குப் பதினான்கு. தார் பூசியிருப்பதால் அது பிழைத்திருக்கிறது. மேற்குச் சரிவிலுள்ள எங்கள் தோட்டத் தடங்களோ இன்னும் பிடிவாதமானவை. டுரியான் கூடைகளைப் பின்னால் கட்டிய மோட்டார் சைக்கிள் எவ்வளவு சீக்கிரம் இறங்க முடியும் என்ற ஒரே யோசனையோடு தோட்டக்காரர்கள் வகுத்த அவை, மலையின் இடுப்பைச் சுற்றாமல் முதுகெலும்பின் வழியே நேராக ஏறுகின்றன. தண்ணீரும் அதே வழியைத்தான் விரும்புகிறது. மண் நிற்காததைக் கண்ட தோட்டக்காரர்கள், மோட்டார் சைக்கிளின் அகலத்துக்குச் சிமெண்டு போட்டார்கள். சிமெண்டின்மேல் மரநிழல், நிழலில் பாசி. உலகத்து நிறப் பலகைகளில் சிமெண்டுப் பாதைக்கு மதிப்பே கிடையாது. பச்சைக்கும் கீழே, வெள்ளை வட்டம் போட்டுவிடுவார்கள்.

அந்த வெள்ளை வட்டத்தில்தான் நான் விழுந்தேன். காலையில் சிரமமின்றி ஏறிய சரிவு. பிற்பகல் இரண்டு மணிக்கு அரைமணி நேரம் தூறி ஓய்ந்திருந்தது. நாலு மணிக்கு அதே வழியாக இறங்கினேன். ரம்புத்தான் மரங்களின் அடியிலிருந்த வளைவொன்றில், சறுக்கப்போகிறேன் என்ற முன்னறிவிப்பே இல்லாமல், முன்சக்கரம் என்னை விட்டுப் போய்விட்டது. இடுப்பு தேய, ஏழெட்டு மீட்டர் தூரம், நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாக வழுக்கிச் சென்று லாலான் புல்லில் நின்றோம். தோட்டக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தார். “அண்ணே, ஹூஜான், ஜாங்கான் நாயிக்,” என்றார்; மழையென்றால் வண்டியில் ஏறாதே என்று பொருள். நீங்கள் எப்படி இறங்குவீர்கள், அங்கிள், என்று கேட்டேன். அவர் தம் ரப்பர்ச் செருப்பைக் காட்டினார். நாற்பது வருஷமாக அந்தத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் மழை நாளில் நடந்து இறங்குகிறார். நான் ஒரு கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அவரைவிடச் சமர்த்தன் என்று நினைத்திருந்தேன்.

டுரியான் காலத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் உதிர்கிறது. வெயிலுக்கு அஞ்சும் நம் ஓட்டிகள் தேர்ந்தெடுப்பதும் அதே விடியலைத்தான். இரண்டு கிலோ எடையும் எண்ணற்ற முள்ளும் உடைய கனி ஒன்று பத்து மீட்டர் உயரத்திலிருந்து வருமானால், அதைத் தாங்குவதற்காக எந்தத் தேசத்திலும் தலைக்கவசம் செய்யப்படவில்லை. மரங்களின் அடியில் தோட்டக்காரர்கள் கட்டும் வலைகள் பழத்தைக் காப்பாற்றுவதற்கே ஒழிய நம் மண்டையைக் காப்பாற்ற அல்ல. அவற்றின் கயிறு சில இடங்களில் தடத்துக்குக் குறுக்கே கழுத்தளவில் ஓடும். எந்த நிறப் பலகை இதைச் சொல்லும்? ஜூன் மாதத்தில் அந்தத் தோட்டங்களுக்குள் சைக்கிள் புகுவது, கடினமா எளிதா என்ற விசாரணைக்கே அப்பாற்பட்டது. அது மரியாதைக் குறைவு. பிறருடைய வருஷ வருமானம் தரையில் விழுந்துகொண்டிருக்கும்போது அதன் நடுவே நமக்கென்ன விளையாட்டு?

என் அபிப்பிராயம் இவ்வளவுதான்: பாலிக் புலாவுக்கு இன்னும் கடினமான தடங்கள் தேவையில்லை; இருக்கிற தடங்களைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிற ஏற்பாடு தேவை. கொடிமலையும் அதைச் சூழ்ந்த காடும் கடலுமாக 12,481 ஹெக்டேர் பரப்பை 2021 செப்டம்பர் 15 அன்று யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது முதல், சுற்றுலாவின் பெயரால் இங்கே என்னென்ன செய்யலாம் என்று பேசுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பலகைகளின் நிறத்தைப் பார்த்து, நமக்கும் ஒரு கறுப்புத் தடம் வேண்டும் என்று அவர்களில் யாராவது நாளை கிளம்பக்கூடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் இந்த மலை எத்தனை இடங்களில் சரிந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அந்த யோசனைக்குத் தலையசைக்க மாட்டார்கள். மலைப்பக்கத்தில் ஒரு புதுக் கோடு கிழிப்பது, தண்ணீருக்கு ஒரு புது வழி சொல்லிக்கொடுப்பதாகும்.

ஏற்பாடு என்று நான் சொல்வது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. தடத்துக்குக் குறுக்கே இருபது முப்பது அடிக்கு ஒன்றாகச் சாய்வான வாய்க்கால் வெட்டி நீரை ஓரத்துக்குத் தள்ளிவிடுவது. நேராக இறங்கும் இடங்களில் முடிந்தவரை வளைத்துவிடுவது. பலத்த மழைக்குப் பின் ஒரு முழு நாள் சக்கரத்தைத் தடத்தில் வைப்பதில்லை என்று ஓட்டிகளே கட்டுப்படுவது. ஈரக் களியில் ஒரு டயர் பதித்த கோடு, அடுத்த மழைக்கு ஓடையின் கருவாகிவிடுகிறது. மண்வெட்டி பிடிக்காதவனுக்குத் தடத்தைப் பற்றிப் பெருமை பேச உரிமையில்லை என்றுகூடச் சொல்வேன். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது நடவாத காரியம் என்பவர்களுக்குக் கோலாலம்பூரின் புக்கிட் கியாராவை நினைவூட்டலாம். தடங்களைத் தங்கள் கையால் வெட்டி, வாய்க்கால் கோலி, விழுந்த மரத்தை அகற்றிப் பராமரித்து வந்தவர்கள் அங்கே சம்பளம் வாங்காத தொண்டர்களே. அந்தக் குன்று முன்பு ரப்பர்த் தோட்டம். ஓட்டிகள் இன்று ரசிக்கிற பழைய பால்மரங்களைச் சீவியவர்கள் நம்மவர்கள். தோட்டம் கைமாறிய பின், நிரந்தர வீட்டுக்காகக் குன்றின் அருகே நீள்வரிசை வீடுகளில் பத்தாண்டுகள் பலவாகக் காத்திருந்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களே. கியாராவின் தடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வேரையும் கல்லையும் வருணிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தடத்துக்குக் கீழே யாருடைய காலடி இருந்தது என்பதும் அந்தத் தடத்தின் நிலவரத்தைச் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை அங்கே போகிற பினாங்கு இளைஞர்கள், மரத்தின் பட்டையில் சாய்வாகச் சென்று வடுவாகிப்போன வெட்டுக்கோட்டைச் சற்று நின்று பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் சிக்கல் வேறு விதமானது. கியாராவைப் போல் ஒரே நிலமாக இது இல்லை. ஒரே தடம் அடிவாரத்தில் ஒருவர் தோட்டத்தில் தொடங்கி, இடையில் இன்னொருவர் ஜாதிக்காய் மரங்களைக் கடந்து, மேலே வனத்துறையின் காட்டுக்குள் நுழைந்து, மறுபுறம் மாநகர் மன்றத்தின் சாலையில் போய் முடியும். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாததால் ஒருவரிடமும் கேட்பதில்லை. யார் பராமரிப்பது என்று தெரியாததால் ஒருவரும் பராமரிப்பதில்லை. தோட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசினால், மழைக்கால வாய்க்கால் வேலைக்கு ஓட்டிகளின் கைகள் கிடைப்பதை அவர்கள் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய சிமெண்டும் அல்லவா அடியில் அரிக்கப்பட்டுப் போகிறது? அப்படிப் பேச, மலாயும் ஹக்காவும் தமிழும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆள் தேவை. இந்த ஊர்க் காப்பிக் கடைகளில் அத்தகைய ஆளுக்குப் பஞ்சமில்லை.

தடத்தின் தலைவாசலில் பலகை ஒன்று வைப்பதற்கும் எனக்கு ஆட்சேபமில்லை. நிறம் மட்டும் வேண்டாம். கடைசி மழை எப்போது பெய்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதத்தக்க ஒரு கறுப்புப் பலகை போதும். அதைத் தினமும் எழுதுகிற பொறுப்பை எங்கள் கொட்டகைப் பெரியவரிடமே ஒப்படைக்கலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் உசிதமான மாதங்கள். செப்டம்பரிலும் அக்டோபரிலும் வந்தால், காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேற்கே கடல் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வருகிறது. நேற்று மாலை பொழிந்த மழையில் நனைந்த சைக்கிள் இன்னும் திண்ணையில் காய்ந்தபாடில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிட்டு, நாளைக்குச் செருப்போடு ஒருமுறை மேலே நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.